நான்காய் மடித்த முந்தானை

அந்த நாட்டில் இரண்டு தலைமுறைகளாக யாரும் பல் துலக்கவில்லை. துலக்க வேண்டிய தேவை இல்லாமற்போனது ஒரு காரணம். துலக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது மற்றொரு காரணம்.

குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் செவிலியர் ஒருவர் வீடு தேடி வந்து, நீர்போன்ற ஒரு திரவத்தை அதன் ஈறுகளில் தடவிவிட்டுப் போவார். அந்தத் திரவத்தில் இருந்த நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் பரவி, ஆயுள் முழுதும் அங்கேயே குடியிருக்கும். பல்லடியில் அழுக்குப் படிய விடா; ஈற்றை அரிக்கும் கிருமிகளை அண்ட விடா. ஈறு வீங்குதல், இரத்தம் கசிதல், பல் ஆடுதல் என்பவையெல்லாம் அகராதியில் மட்டும் எஞ்சின. எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்கள். பிரஷ் அந்தப் படலத்தைச் சுரண்டிவிடும் என்பதால், அது முதலில் வீடுகளிலிருந்து மறைந்தது; பிறகு கடைகளிலிருந்து மறைந்தது; கடைசியில் மக்களின் நினைவிலிருந்தும் மறைந்தது.

ஆனால் பதினாயிரத்தில் ஒருவருக்குப் படலம் ஒட்டவில்லை. அவருடைய உமிழ்நீரே அதைக் கரைத்தது. அவ்வளவோடு நின்றிருந்தால் அது அவர் பாடு என்று விட்டிருப்பார்கள். அந்த உமிழ்நீரில் ஒரு துளி வேறொருவர் வாய்க்குள் போனாலும், சில வாரங்களிலோ மாதங்களிலோ அவருடைய படலமும் கரைந்தது. ஒருமுறை கரைந்தபின் எத்தனை முறை தடவினாலும் அது மறுபடி பிடிக்கவில்லை. அரசு இவர்களை ‘ஏலார்’ என்று ஏடுகளில் எழுதி, இவர்களுக்கு மட்டும் பிரஷ் வழங்கியது. தெருவில் இவர்களுக்கு ‘எச்சிக்காரர்’ என்று பெயர்.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி இருந்த ஏலார் குடியிருப்பில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சண்முகவடிவு தனியே வாழ்ந்துவந்தாள். அன்று திங்கட்கிழமை. விடிந்ததும் முற்றத்துக் குழாயடியில் நின்று, வழக்கம்போலப் பல் துலக்கத் தொடங்கினாள். பிரஷ்ஷை ஈறும் பல்லும் கூடும் கோட்டில் சாய்த்துவைத்து, அரிசி களையும் கைப்பதத்தில், சிறு சிறு வட்டங்களாகத் தேய்த்தாள். மேல்வரிசையின் வெளிப்புறம், பிறகு உட்புறம், அதன்பின் கீழ்வரிசை, முடிவில் நாக்கு. துலக்கியபின் நூலை எடுத்து ஒவ்வோர் இடுக்கிலும் மெல்ல இறக்கி ஏற்றினாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு முப்பத்திரண்டு பற்களும் இருந்தன. ஈறுகள் வெளிறிய ரோஜா நிறத்தில், கல்லில் ஒட்டிய பாசிபோலப் பற்களை இறுகப் பற்றியிருந்தன.

“எத்தன தடவ தேப்ப வடிவு? இன்னைக்கு ஒம் பல்லுக்குக் கல்யாணமா?”

வேலிக்கு அப்பாலிருந்து கேட்டவர் கொர்னேலி. எழுபதைக் கடந்தவர். படலத் திரவம் தயாரிக்கும் ஆலையில் வேலைபார்த்த காலத்தில், சோதனைக்கு வந்த உமிழ்நீரைக் கண்ணாடிக் குழாயில் வாய்வைத்து உறிஞ்சி எடுக்கும்போது, அவசரத்தில் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சி ஏலாராகிப் போனவர்.

“உலகு வாரா அண்ணாச்சி,” என்றாள் சண்முகவடிவு.

கொர்னேலியின் கேலி நின்றது. “ஒம் மகளா? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமா, நேராவா?”

“நேராத்தான். பத்தொம்பது ஆயிருச்சுல்லா? இனிமே அவளே கையெழுத்துப் போட்டுட்டு வரலாம்.”

“அப்புறம் என்னத்துக்கு மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?”

“பயம் இருக்காதா? மூணு கெஜம் தள்ளித்தான் உக்கார வைக்கணும். அவளுக்குன்னு புது டம்ளர் வாங்கி நேத்தே வெந்நீல போட்டு எடுத்துட்டேன். பன்னெண்டு வருசமாக் காத்தத ஒரு நாள்ல கெடுத்துரக் கூடாதுல்லா?”

கொர்னேலி வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டார். “ஆலையில இருந்தவன் சொல்லுதேன், கேட்டுக்கோ. நமக்கு என்ன நோயி? ரெண்டு வேள, வேளைக்கு ரெண்டு நிமிசம் தேச்சாத் தீந்துபோற நோயி. எனக்கு ஒரு பல்லு ஆடுதா? ஒனக்கு ஆடுதா?”

“அத ஊருக்கு ஏன் சொல்ல மாட்டேங்காவ?”

“சொன்னா, ‘அப்போ பூச்சு எதுக்கு’ன்னு ஒருத்தன் கேப்பாம்லா? அது மட்டும் இல்ல. இப்ப உள்ள ஆளுகளுக்குப் பிரஷ்ஷ எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. தெரியாத சாமானக் கண்டா மனுசனுக்குப் பயம். பயந்தவன் மொதல்ல வேலிதான் போடுவான்.”

சண்முகவடிவு பிரஷ்ஷை உதறி, நிமிர்த்திவைத்தாள். இந்தப் பேச்சை அவள் என்றுமே விரும்பியதில்லை. இரண்டு நிமிடத்தில் தீரும் நோய் என்று ஒப்புக்கொண்டால், அவள் தன் வீட்டை விட்டு வந்ததற்குப் பொருளே இல்லாமற்போகும். அவளுக்கு இருந்த பொருள் ஒன்றே: தான் விலகியதால் மகளுடைய படலம் பிழைத்தது. அந்த ஒரு நம்பிக்கையைத்தான் அவள் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தின்று, உடுத்து, தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள்.

அதற்கு அவளிடம் சான்றும் இருந்தது. ஆண்டுக்கொரு முறை, பள்ளியில் ஈறு ஆய்வு முடிந்தவுடன், கணவர் நயினார் கோவில்பட்டியிலிருந்து ஒரு கடிதம் எழுதுவார். அதில் எப்போதும் ஒரே வரி இருக்கும்: ‘ஆய்வு முடிந்தது, இரத்தம் இல்லை.’ அப்படிப் பதினொரு கடிதங்கள் அலமாரியில் இருந்தன. பன்னிரண்டாவது கடிதம் இவ்வாண்டு இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாக மகளே வருவதாக ஒரு செய்தி வந்திருந்தது.

*

ஏலார் தம் குடும்பத்தோடு வாழச் சட்டம் இடங்கொடுத்திருந்தது; நாற்பத்தாறு விதிகளோடு. அவர்களுடைய பாத்திரங்களில் சிவப்பு வளையம் தீட்டப்பட்டிருக்க வேண்டும். பிறர் உணவை ஊதி ஆற்றக் கூடாது. ஊசியில் கோக்கும் நூலை உதட்டில் நனைக்கக் கூடாது. சண்முகவடிவு அத்தனை விதிகளையும் வரிசை பிசகாமல் அறிந்தவள். மணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும் அவளும் நயினாரும் ஒருமுறைகூட முத்தமிட்டதில்லை. மகள் உலகம்மை பிறந்தபின் அவள் சுவரைப் பார்த்து அமர்ந்தே சாப்பிட்டாள். கவளத்தைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பல் துலக்கும் நேரம் மட்டும் தாயும் மகளும் சேர்ந்திருக்கும் நேரமாக இருந்தது. கொல்லையில் அவள் துலக்குவாள். உள்ளே சன்னற்படியில் ஏறி அமர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை உரக்க எண்ணும். நூற்றிருபது வந்ததும் “போதும்” என்று கத்தும். தாயின் வாயில் பொங்கும் நுரை அதற்கு வேடிக்கை.

“ஏம்மா எனக்கு நொர வரல?”

“ஒனக்கு வேண்டாம் ராசாத்தி. ஒனக்குப் பூச்சு இருக்கு.”

“ரத்தம் வருமா?”

“தேய்க்காம விட்டா வரும். வந்தாலும் பயந்து விட்டுறக் கூடாது. அந்த எடத்துலதான் இன்னும் பதமாத் தேய்க்கணும்.”

உலகம்மைக்கு ஏழு வயதான ஆண்டில், ஓட்டப் பந்தயத்தில் வென்றதற்குப் பள்ளியில் ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார்கள். அதை அவள் வழியில் தின்னாமல் கையில் வேர்க்க வேர்க்க வைத்துக்கொண்டு வந்தாள்.

“பாதி ஒனக்கு,” என்றாள்.

“அம்மா தின்ன மாட்டேன். நீ தின்னு.”

“காக்காக் கடி கடிச்சுத் தாம்மா! துணி போட்டுக் கடிச்சா எச்சில் இல்ல. எங்க கிளாசுல எல்லாரும் அப்படித்தான் கடிப்போம்.”

சண்முகவடிவும் பள்ளியில் அப்படித்தான் கடித்திருந்தாள். பாவாடை நுனியில் பொதிந்து பல்லால் உடைத்த மிட்டாய் எச்சில் ஆகாது என்பது, எந்த ஆசிரியரும் கற்பிக்காமல் இந்த மண்ணின் பிள்ளைகள் எல்லாரும் ஒப்புக்கொண்ட நியதி. நாற்பத்தாறு விதிகளை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். காக்காய்க் கடியைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. விதிகளை எழுதியவர்கள் வேற்றூர்க்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

என்றாலும் அவள் எச்சரிக்கையாகவே இருந்தாள். ஒரு மடிப்புக்கு நான்கு மடிப்பாக முந்தானையை மடித்தாள். மிட்டாயைப் பொதிந்து கடித்தாள். வெல்லப்பாகு இறுகிப்போயிருந்ததால் இரண்டாம் முறையும் அழுத்திக் கடிக்க வேண்டியிருந்தது. உடைந்ததும் பிரித்து, பெரிய துண்டை மகளுக்குக் கொடுத்து, சிறியதைத் தான் வாயிலிட்டுக்கொண்டாள். மகளோடு அவள் பங்கிட்டுத் தின்ற முதல் தின்பண்டம் அது.

அன்று மாலை சேலையைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தாள். நான்காம் மடிப்பிலும் குங்குமப் பொட்டளவு ஓர் ஈரம் இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள்கள் கழித்து ஈறு ஆய்வாளர் எமல்டா வீட்டுக்கு வந்தார். உலகம்மையை வாய் திறக்கச் சொல்லி, மெல்லிய கம்பியொன்றை ஈற்றின் விளிம்பில் ஓட்டினார். குழந்தைகளுக்கு அவ்வளவுதான் சோதனை; படலம் உயிரோடு இருக்கிறதா என்று நேராகக் காட்டும் நீலத்துளியை, பத்தொன்பது வயது நிறையும்வரை பயன்படுத்த மாட்டார்கள். கம்பி பட்டு இரத்தம் வந்தால் படலம் இல்லை, வராவிட்டால் இருக்கிறது.

“சமத்து. ஒரு சொட்டு ரத்தம் இல்ல,” என்றார் எமல்டா. “அம்மா ஒனக்கு எதையாவது கடிச்சுக் குடுப்பாங்களா?”

“எங்கம்மா அப்படியெல்லாம் தர மாட்டா,” என்று உலகம்மை பெருமையோடு சொன்னாள். “ஒரே ஒரு தடவ காக்காக் கடி கடிச்சுத் தந்தா. நாலு மடிப்பு மடிச்சு!”

எழுதிக்கொண்டிருந்த எமல்டாவின் பேனா நின்றது. அவர் கொடியவர் அல்லர். குழந்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“என்ன காரியம்மா செஞ்சீங்க? துணி என்ன, சுவரா?”

“எச்சில் படலேன்னு நெனச்சேன் மேடம்.”

“இன்னைக்கு ரத்தம் இல்ல. கரையுறதுக்கு மாசக் கணக்கும் ஆகும், கரையாமலும் போகலாம். ஆனா இனிமே இந்த ஈறுல ரத்தம் கண்டா, அது நீங்க பரப்பின குத்தம். ஏழு வருசம் ஜெயிலு. பிள்ளைய அரசு விடுதிக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க.” சற்று நிறுத்தி, “நீங்களா இன்னைக்கே குடியிருப்புக்குப் போறதா எழுதிக் குடுத்தா, நான் கோப்ப மூடிருவேன். பிள்ள அப்பாகூட இங்கேயே இருக்கும். அது பூச்சும் பொழச்சாலும் பொழைக்கும்,” என்றார்.

சண்முகவடிவு கையெழுத்திட்டாள். நிமிர்ந்தபோது, கதவிடுக்கில் உலகம்மை தன் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அரை மணி நேரத்தில் மூட்டை கட்டியதால், பரணில் இருந்த பிரஷ் பெட்டியைக்கூட எடுக்க மறந்து வண்டியேறினாள்.

முதல் இரண்டு ஆண்டுகள் நயினார் மகளை அழைத்துவந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அந்தக் குழந்தை உதடுகளை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருக்கும். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டும். சிரிக்கவும் சிரிக்காது. தன்மேல் வெறுப்பு என்று சண்முகவடிவு எண்ணிக்கொண்டாள். வெறுத்தாலும் நல்லதுதான், வெறுத்தால் விலகியிருப்பாள். “இனிமே கூட்டிட்டு வராதீங்க. வருசாவருசம் நீங்க எழுதிப் போடுற அந்த ஒரு வரி போதும்,” என்று கணவரிடம் அவளே சொன்னாள்.

*

பத்து மணிப் பேருந்தில் உலகம்மை வந்து இறங்கினாள். உப்புப் பாத்திகளுக்கு நடுவே, வெள்ளை வெயிலில், ஒரு பெரிய பையைத் தோளில் சுமந்து வந்தாள். உயரம் நயினாருடையது. நடை மட்டும் பந்தயத்தில் ஓடிய அந்தச் சிறுமியுடையது. சண்முகவடிவு வாசற்படியிலிருந்து இறங்க எடுத்த காலைப் பின்வாங்கிக்கொண்டாள்.

“உள்ள வா. அந்த நாற்காலி ஒனக்கு. பக்கத்துல வராத,” என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் மகளிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவையா என்று அவளுக்கே வலித்தது.

உலகம்மை பையை இறக்கினாள். நாற்காலியைப் பார்த்தாள், அதன் முன்னிருந்த புது டம்ளரைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். குழாயடி மேடையில் சிவப்பு வளையம் தீட்டிய டம்ளர் ஒன்று பாதித் தண்ணீரோடு இருந்தது. சண்முகவடிவு சற்றுமுன் வாய்வைத்துக் குடித்து மீதி வைத்தது. உலகம்மை நேரே போய் அதை எடுத்தாள்.

“ஏட்டி! அது என் டம்ளரு! எச்சிலு! வையிட்டி கீழ!”

உலகம்மை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். சண்முகவடிவு பாய்ந்துபோய் டம்ளரைத் தட்டிவிட்டாள். அது கல்லில் பட்டு உருண்டது. “பைத்தியமாட்டி ஒனக்கு? துப்பு! துப்புட்டி! வாயக் கொப்புளி!”

உலகம்மை துப்பவில்லை. சிரித்தாள். ஏழு வயதுக்குப்பின் அந்த வாய் திறந்து சிரித்ததைத் தாய் அன்றுதான் பார்த்தாள். எவ்வளவு நேர்த்தியான பற்கள் என்று மனம் நிறைய எண்ணிய அதே கணத்தில், அவளுடைய கண் ஓரிடத்தில் போய் நின்றது. மேல்வரிசை இடப்பக்கக் கோரைப்பல்லின் கழுத்தில், ஈற்றை ஒட்டி, அரத்தால் ஒருமுறை இழுத்தாற்போல ஒரு சிறு பள்ளம்.

அந்தப் பள்ளம் நோயால் வருவது அன்று; அடிபட்டு வருவதும் அன்று. வலக்கையில் பிரஷ் பிடித்து, இடப்பக்கத்தை ஆண்டுக்கணக்காக அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு மட்டுமே வருவது. ஏலார் குடியிருப்பில் ஆறேழு பேருக்கு அது உண்டு. படலம் உள்ளவர்களில் ஒருவருக்கும் இருக்க முடியாது.

சண்முகவடிவு குழாயடி மேடையைப் பிடித்துக்கொண்டாள். “எப்ப இருந்துட்டி?” என்றாள்.

“நீ போயி ரெண்டு மாசம் இருக்கும். கொய்யாக்கா கடிச்சேன். காயி செவப்பா இருந்துச்சு. செங்கொய்யான்னு நெனச்சேன். அடுத்த கடி வெள்ளையா இருந்து, பொறவு செவந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது.”

“அப்பாட்டச் சொல்லலியா?”

“யாருட்டயும் சொல்லல. ‘ரத்தம் கண்டா ஏழு வருசம் ஜெயிலு’ன்னு அந்த மேடம் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னாலதான நின்னேன்? ஒரு தடவ வாயத் தொறந்தேன், நீ போயிட்ட. இன்னொரு தடவ தொறப்பேனா?”

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம்…”

“சிரிச்சா நீ கண்டுபிடிச்சிருவியே. ஒனக்குத்தான் பல்லப் பாத்தாத் தெரியுமே.”

சண்முகவடிவு மேடைமேல் அமர்ந்துவிட்டாள். உலகம்மை அவள் காலடியில், ஈரக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மூன்று கெஜம் என்ற கணக்கு இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

“யாருட்டி ஒனக்குத் தேய்க்கச் சொல்லித் தந்தா?”

“நீதான். சன்னல்ல உக்காந்து ஒங் கையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்? பரண்ல நீ விட்டுட்டுப் போன பெட்டியில அஞ்சு பிரஷ் இருந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு நீ சொல்லுவ. நான் ஒண்ண ஒரு வருசம் வச்சிருந்தேன். குளிக்கப் போறேன்னு தண்ணியத் தொறந்துவிட்டுட்டுத் தேப்பேன். ரத்தம் வந்தப்பல்லாம் ‘விட்டுறக் கூடாது’ன்னு நீ சொன்னத நெனச்சுக்குவேன். நாலு நாள்ல நின்னுரும்.”

“அஞ்சு வருசத்துக்கு அப்புறம்?”

“தமிழ் வாத்தியார் ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி’ன்னு பாடம் எடுத்தாரு. ‘மொதப் பாதி இப்ப யாருக்கும் வேண்டாம், ரெண்டாம் பாதிய மட்டும் படிங்க’ன்னாரு. எனக்கு மொதப் பாதிதான வேணும்? நம்மூர்ல கருவேல மரத்துக்கா பஞ்சம்? குச்சிய ஒடிச்சு, மென்னு, மென்னு… அது முரட்டுத்தனமா இருந்துச்சு. அதுலதான் இந்தப் பல்லு தேஞ்சுபோச்சு.”

‘ஆய்வு முடிந்தது, இரத்தம் இல்லை.’ அலமாரியில் இருந்த பதினொரு கடிதங்களும் சண்முகவடிவின் கண்முன் வந்து நின்றன. ஒன்றிலும் பொய் இல்லை. ஆனால் அவளுடைய விலகல் அவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. யாருமற்ற குளியலறையில் தேய்ந்த பிரஷ்ஷைப் பிடித்திருந்த ஒரு சின்னக் கை எழுதியிருந்தது. மகளைக் காப்பதற்காகத் தாய் விலகியிருந்தாள். தாயைக் காப்பதற்காக மகள் வாயை மூடியிருந்தாள். காப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்பது அன்றே வெளிவந்திருந்தால், தண்டனை இருந்திருக்கும், விடுதி இருந்திருக்கும், ஆனால் ஏழு ஆண்டுகளில் எல்லாம் முடிந்திருக்கும். இவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொடுத்திருந்தார்கள்.

“இப்ப ஆய்வுல தெரிஞ்சுபோச்சா?” என்றாள்.

“பத்தொம்பது ஆச்சுல்லா? நீலத்துளி போட்டாங்க. நீலம் வரல.”

சண்முகவடிவு வாசலைப் பார்த்தாள். “என்னயக் கேப்பாவளே. நீ உண்மையச் சொல்லியிருந்தா…”

“ஒரு பயலுக்கு முத்தங் குடுத்தேன், அவன் ஏலான்னு அப்பத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“அடிப்பாவி! யாருட்டி அவன்?”

“அப்படி ஒருத்தன் இருந்தாத்தான சொல்லுறதுக்கு?” உலகம்மை சிரிக்க முயன்றாள். “அவங்களும் பேரக் கேட்டாங்க. மறந்துட்டேன்னேன். ஊருக்குள்ள ஒரே பேச்சு. அப்பா ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. பொறவு அவரே பையக் கட்டித் தந்து, ‘ஒங்கம்மாட்டயே போயிரு தாயி’ன்னாரு. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கேன்.”

அப்போதுதான் சண்முகவடிவு அந்தப் பையைக் கவனித்தாள். ஒரு நாள் பார்த்துப்போக வருபவர்கள் போர்வையும் தலையணையும் கொண்டுவருவதில்லை. பையின் வாரில், புத்தம்புதிய சிவப்பு வளைய முத்திரையோடு, குடியிருப்பு அனுமதி அட்டை தொங்கியது.

அவள் அழுதாள். வேலிக்கு அப்பால் துணி காயப்போட வந்த கொர்னேலி, எட்டிப் பார்த்துவிட்டு, ஈரத் துணியைக் காயப்போடாமலே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

பிற்பகலில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சண்முகவடிவு தன்னை அறியாமல் இரண்டு முறை சுவரைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு முறையும் மகள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

வெயில் தாழ்ந்ததும் உலகம்மை பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அதில் ஒரே ஒரு கடலை மிட்டாய் இருந்தது.

“கடிச்சுத் தாம்மா,” என்றாள்.

சண்முகவடிவின் கை பழக்கத்தால் முந்தானைக்குப் போயிற்று. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று… நான்காவதில் நின்றது. துணியைக் கீழே விட்டாள். மிட்டாயை நேராகப் பற்களுக்கிடையே வைத்து, ஒரே கடியில் உடைத்து, நனைந்த துண்டை மகளின் வாயில் வைத்தாள்.

“எச்சிலு,” என்றாள்.

“தெரியும்,” என்றாள் உலகம்மை, மென்றுகொண்டே.

“தின்னுட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வெல்லம் ஒட்டும். வா.”

குழாயடியில் புதிய பிரஷ் ஒன்றைப் பிரித்து மகளிடம் கொடுத்தாள். உலகம்மை அதை உளி பிடிப்பதுபோல உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, அறுப்பதுபோல இழுத்தாள். சண்முகவடிவு பின்னால் நின்று அந்த மணிக்கட்டைப் பற்றினாள்.

“அழுத்தாதட்டி. யாரும் துரத்தி வரல. சாச்சுப் புடி. ஈறுல பாதி, பல்லுல பாதி. இப்படி, வட்டமா… அழுக்குத்தான் போகணும், பல்லு போகக் கூடாது.”

மகளின் கையில் இருந்த முரட்டுத்தனம் மெல்லத் தளர்ந்தது. வாயோரத்தில் நுரை வழிந்தது.

“எண்ணும்மா,” என்றாள் உலகம்மை, நுரையோடு.

சண்முகவடிவு எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. உப்புப் பாத்திகளில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

அதற்கு அடுத்த எண் அவளுக்கு வரவில்லை.

உலகம்மை கையை நிறுத்தவில்லை. தாய் மறுபடி எண்ணும்வரை, தாய் பிடித்திருந்த பதத்திலேயே, மெல்லத் துலக்கிக்கொண்டிருந்தாள்.